ஏற முடியாது என்று சொன்னவன்

லைன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பெல்ட் கட்டுவதையும் எர்த் போடுவதையும் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. நான் பேச வந்தது கம்பத்துக்குக் கீழே நிற்கிறவனின் வேலையைப் பற்றி. இன்றைக்கு யாரை மேலே ஏற்றலாம், யாரை ஏற்றக் கூடாது என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். இன்று ஏறுகிற நீங்கள் நாளை அந்த இடத்துக்கு வருவீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம் சிக்கல் என்கிற ஊர். ஓய்வு பெறும் முன் கடைசியாக லைன் இன்ஸ்பெக்டராக இருந்தது திருப்பாலைக்குடிப் பக்கம், கடலோரப் பிரிவில். நான் சந்தேகப் பிராணி. லைனில் சப்ளை இல்லை என்று சப்-ஸ்டேஷனிலிருந்து சொன்னாலும், லைனைத் துண்டிக்க ஏபி சுவிட்சைத் திறந்தவன் சத்தியம் செய்தாலும், நானே சோதித்துப் பார்க்காமல் ஒருவரையும் தொட விட மாட்டேன். இரண்டு கையோடும் ஓய்வு பெற்றேன் என்றால் அந்தக் குணத்தால்தான். அதே குணத்தை மனிதர்கள் மேலும் காட்டினேன். காலையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் ஒவ்வொருவனையும் பக்கத்தில் வரவழைத்து மூக்கால் மோந்து பார்ப்பேன். என் மூக்குக்கு ஒரு சொட்டுச் சரக்கும் தப்பாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

என் பிரிவில் பூமிநாதன் என்று ஒரு வயர்மேன் இருந்தான். அது அவன் உண்மைப் பெயர் இல்லை. அவனிடம் கேட்டு, அவன் சரி என்று சொன்ன பிறகுதான் இதைச் சொல்கிறேன். உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் மிளகாயும் நெல்லும் போடுகிற சம்சாரிக் குடும்பம். அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வாடகை வீடு பிடித்து, மனைவி பஞ்சவர்ணத்தோடு இருந்தான். வேலையில் கெட்டிக்காரன். மழையில் நனைந்த கம்பத்திலும் பல்லி மாதிரி ஏறுவான். ஆனால் குடிப்பான். எனக்குத் தெரிந்தவரை சாயங்காலத்துக்கு மேல்தான் குடிப்பான். காலையில் மோந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. அதனால் ஏற்றிவிடுவேன்.

ஒரு நாள் சைக்கிளோடு ஊருணிக்குள் விழுந்து கிடந்தவனைத் தூக்கி வந்தார்கள். ராமநாதபுரத்தில் பெரியாஸ்பத்திரியில் வெகு நாள் படுத்திருந்தான். திரும்பி வந்தபோது முகம் வற்றி, சட்டை தோளில் தொங்கியது. என் மேசை முன்னால் நின்று, "விட்டுட்டேண்ணே" என்றான்.

விட்டுவிட்டேன் என்று சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சபரிமலைக்கு மாலை போட்டு விட்டவன், கையில் கயிறு கட்டி விட்டவன், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்து விட்டவன். எல்லாரும் மறுபடி தொட்டவர்கள்தான். "சரி, பார்ப்போம். இப்போதைக்குக் கீழ் வேலை மட்டும் பாரு. பீஸ் போன புகாருக்குப் போ. கம்பத்துல ஏற வேண்டாம்" என்றேன்.

அவன் தலையாட்டினான். போகாமல் நின்றான்.

"இன்னும் என்னலே?"

"சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கொஞ்சம் வெள்ளன விட்டீகன்னா நல்லதுண்ணே. ராம்நாட்டுல ஒரு கூட்டம்."

"என்ன கூட்டம்?"

"ஒரு கூட்டம்ணே."

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. கட்சிக் கூட்டமா, சங்கக் கூட்டமா, யாராவது நோயாளியைப் பிடித்து மதம் மாற்றுகிறார்களா, இல்லை மூலிகை லேகியம் விற்கிற கும்பலா? எதுவாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்துக்கு ஒருவன் வாராவாரம் போகிறான் என்றால் அதில் நல்லது இருக்க முடியாது என்று நினைத்தேன். ஆனாலும் போக விட்டேன். போகட்டும், எங்கே போகிறான் என்று பார்த்துவிடலாம் என்ற எண்ணம்தான்.

சில வாரம் கழித்துப் பஞ்சவர்ணம் அலுவலகத்துக்கு வந்தாள். அவன் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்தாள்.

"அண்ணே, அந்த மனுசன் சனிக்கிழமையானா குளிச்சு, தேய்ச்ச சட்டையப் போட்டுக்கிட்டுப் பஸ் ஏறுறாரு. கேட்டா கூட்டம்ங்கிறாரு. குடிச்சப்பவாவது எங்கன கெடக்காருன்னு தெரியும். இப்ப அதுவும் தெரியல. வேற எவளும் இருக்காளோன்னு பயமா இருக்கு."

"நான் பார்த்துச் சொல்றேன் தாயி" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை அவன் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே என் மோட்டார் சைக்கிளில் போனேன். அவன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கடைத்தெருவுக்குள் நுழைந்து, ஒரு சந்தில் திரும்பி, பழைய பள்ளிக்கூடம் ஒன்றுக்குள் போனான். வழியில் இரண்டு ஒயின்ஷாப் இருந்தது. இரண்டையும் கடக்கும்போது ரோட்டின் எதிர்ப்பக்கம் மாறி நடந்தான். அதையும் நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். தெரிந்தவன் யாராவது பார்த்துவிடுவான் என்று ஒளிந்து போகிறான் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையில் மட்டும் விளக்கு எரிந்தது. வாசலில் பத்துப் பதினைந்து ஜோடிச் செருப்பு. ஜன்னல் பக்கமாகப் போய் எட்டிப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் வளர்ந்த ஆம்பளைகள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர், கடலில் காய்ந்து கறுத்த ஒருவர், பேனா செருகிய ஒருவர். பெரியவர்கள் எதற்காக இப்படிக் கூடுகிறார்கள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

"உள்ள வாங்க. முதல் தடவையா?"

திரும்பினேன். கட்டம் போட்ட சட்டை, கக்கத்தில் குடை, கையில் டீ டிரம்மோடு ஒருவர் நின்றார். அறுபது வயது இருக்கும்.

"நான் குடிக்கிறவன் இல்ல" என்றேன். அவர் என்ன கூட்டம் என்று இன்னும் சொல்லவே இல்லை. அவருடைய பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"நாங்களும் முதல்ல அப்பிடித்தான் சார் சொன்னோம்" என்று சிரித்தார்.

எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தது. நான் குடிகாரன் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், வேவு பார்க்க வந்தவன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் என் திண்டாட்டத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குத் தெறந்த கூட்டம்தான். குடும்பத்து ஆளுக, தெரிஞ்சவுக, யாரும் உக்காரலாம். உக்காந்து கேளுங்க" என்றார்.

"உங்க பேரு?"

"இங்கன பேரு கேக்குறதில்ல சார்."

பெயர் சொல்லாதவரை நான் எப்படி நம்புவது? உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணை நாலு பக்கமும் ஓட்டினேன். உண்டியல் எங்கே, சாமியார் படம் எங்கே, லேகியப் பாட்டில் எங்கே என்று தேடினேன். கரும்பலகையில் பிள்ளைகள் போட்ட பெருக்கல் கணக்கு மட்டும் அழிக்காமல் இருந்தது. தொடங்கும்போது எல்லாரும் எழுந்து கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரரிடம், "எந்தச் சாமிய கும்பிடுறீக?" என்று மெதுவாகக் கேட்டேன். "உங்களுக்கு எது தோதோ அது" என்றார் கண்ணைத் திறக்காமலேயே. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

பிறகு ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். அறிவுரை யாரும் சொல்லவில்லை. அவரவருக்கு நடந்ததை அவரவர் சொன்னார்கள். மகள் கல்யாணத்தன்று பந்தலில் விழுந்து கிடந்ததை ஒருவர் சொன்னார். வலையை விற்றுக் குடித்ததைக் கடல்காரர் சொன்னார். ஒருவரும் உச்சுக் கொட்டவில்லை, சிரிக்கவில்லை, நடுவில் குறுக்கிடவில்லை. சொல்லி முடித்ததும் அடுத்தவர் எழுந்தார்.

பூமிநாதன் முறை வந்தது. எழுந்து திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். கட்டம் போட்ட சட்டைக்காரர், "முடியலைன்னா உக்காந்துக்கங்க, அடுத்த வாரம் பேசலாம்" என்றார்.

"இல்ல, பேசுறேன்" என்றான். "என் பேரு பூமி. நான் குடிநோயாளி. ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸம்மா இந்த இடத்தச் சொல்லிவிட்டாக. சொன்னதும் வந்துறல. வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனேன். உள்ள போனா குடிகாரன்னு ஊருக்குத் தெரிஞ்சுபோகும்னு நெனச்சேன். ஊருக்கு ஏற்கனவே தெரியும்ங்கிறது எனக்கு மட்டும்தான் தெரியல."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இன்னைக்கு வேற ஒண்ணு சொல்லலாம்னுதான் வந்தேன். ஆனா எங்க இன்ஸ்பெக்டர் அண்ணன் கடைசி பெஞ்சுல உக்காந்திருக்காரு. என்னைய வேவு பாக்கத்தான் வந்திருப்பாரு. அதுனால அவரு கேக்கட்டும்னே இதச் சொல்றேன். அவரு தெனமும் காலையில எங்களை மோந்து பாப்பாரு. அவருக்குத் தெரியக் கூடாதுன்னு கொய்யா எலைய மென்னு, மேல பச்சை வெங்காயம் தின்னு, அதுக்கு மேல டீயக் குடிச்சுட்டு வருவேன். சாயங்காலம் மட்டும் குடிக்கிறேன்னு அண்ணன் நெனச்சுக்கிட்டு இருந்தாரு. காலையில குடிக்காம என்னால சட்டைப் பித்தானப் போட முடியாது. கை அப்பிடி ஆடும். குடிச்சுட்டுத்தான் ஏறுனேன். எல்லாக் கம்பமும் அப்பிடித்தான் ஏறுனேன்."

உட்கார்ந்துவிட்டான். அடுத்தவர் எழுந்தார். எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் காதில் விழவில்லை. அவன் மேலே இருந்தபோது கீழே கயிறு பிடித்தவர்கள் முகம் ஒவ்வொன்றாகக் கண் முன் வந்தது.

கூட்டம் முடிந்ததும் அவனைத் தெருவில் மடக்கினேன்.

"ஏலே, இத்தனை வருசமா என்னைய முட்டாளாக்கிட்டு இருந்திருக்க."

"ஆமாண்ணே."

"நாளைக்கே நான் மேல சொன்னேன்னா உன் வேலை என்னாகும் தெரியும்ல?"

"தெரியும்ணே. தெரிஞ்சுதான் சொன்னேன்."

கட்டம் போட்ட சட்டை போட்ட அந்தக் குடைக்காரர் பக்கத்தில் வந்தார். "சார், உள்ள கேட்டத உள்ளயே விட்டுட்டுப் போகணும். இங்கன இருக்கிற ஒரே கட்டுப்பாடு அதுதான்."

"நான் உங்க கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஆளு இல்ல."

"இல்லதான்" என்றார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பஞ்சவர்ணத்திடம் மறுநாள் சொன்னேன். "வேற பொம்பள கிம்பள ஒண்ணும் இல்ல தாயி. குடிக்காம இருக்கிறதுக்குப் போறான்."

"குடிக்காம இருக்கிறதுக்கு வீட்டுல இருந்தாப் பத்தாதா?" என்றாள்.

திங்கட்கிழமை போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தேன். எங்கள் உதவிப் பொறியாளர் இளவயதுப் பெண். வேலையில் கறார். சொன்னால் அன்றே விசாரணை. சொல்லாவிட்டால், தெரிந்தும் மறைத்தவன் நான். ஆனால் அவனை யாரும் பிடிக்கவில்லை, அவனாகச் சொன்னான். அதுவும் இப்போது குடிக்காத நிலையில் சொன்னான். இதற்குத் தண்டனை கொடுத்தால் இனி என் பிரிவில் ஒருவனும் என்னிடம் உண்மை பேச மாட்டான் என்று தோன்றியது. இன்னொரு பக்கம், எனக்கு முன்னால் அப்படிப் பேசினால் நான் இளகிவிடுவேன் என்று கணக்குப் போட்டே பேசியிருப்பானோ என்றும் தோன்றியது. கடைசியில் போனைக் கீழே வைத்தேன். ஆனால் அவனைக் கம்பத்தில் ஏற்றுவதில்லை என்பதை மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டேன்.

ஐப்பசி கடைசியில் கடல் காற்று திரும்பி அடித்தது. இரண்டு நாள் விடாத மழை. கடலோரக் கிராமம் ஒன்றில் மரம் லைன் மேல் சாய்ந்து, கம்பத்து உச்சியில் இன்சுலேட்டர் உடைந்து, ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்தது. குடிதண்ணீர் மோட்டார் ஓடவில்லை. பிடித்து வந்த மீனுக்கு ஐஸ் இல்லை. எனக்கு எப்போதும் ஏறுகிறவர் மலைச்சாமி என்ற மூத்த லைன்மேன். அவரைத் தொண்டிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பொழுதில் மரத்தை வெட்டி அகற்றிவிட்டு, லைனைச் சோதித்து, எர்த் போட்டுவிட்டு நின்றேன். ஏற ஆள் இல்லை. இருந்தது பூமிநாதன் ஒருவன்தான்.

உதவிப் பொறியாளர் போனில், "மேலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. எப்ப சப்ளை வரும்?" என்றார். சுற்றி ஊர் ஜனம். ஒரு பெண், "பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, நீங்க வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீக" என்று சத்தம் போட்டாள்.

பூமிநாதனைப் பக்கத்தில் கூப்பிட்டேன். மோந்து பார்த்தேன். மழை வாசம்தான் வந்தது. "கைய நீட்டு" என்றேன். நீட்டினான். ஆடவில்லை. அத்தனை மாதம் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறான். அவசரம் கழுத்தைப் பிடித்தது. "ஏறுலே" என்றேன்.

பெல்ட்டை எடுத்துக் கட்டினான். கயிற்றைத் தோளில் போட்டான். கம்பத்தில் கை வைத்து ஒரு காலைத் தூக்கினான். அப்படியே நின்றான். பிறகு காலைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"என்னால ஏற முடியாதுண்ணே."

"ஏன்?"

"நேத்து குடிச்சுட்டேன்." எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்.

"வாசமே இல்லையே!"

"வராதுண்ணே. எப்பிடி வராமப் பண்றதுன்னு எனக்குத்தான் தெரியும்ல. காலையில கை தானாக் கொய்யா மரத்துக்குப் போயிருச்சு."

"என்னாச்சு?"

"மழையோட மழையா ராம்நாடு போனேன். சாவி வச்சிருக்கவரு வர முடியல போல. வகுப்புப் பூட்டிக் கெடந்துச்சு. கொஞ்ச நேரம் வாசல்ல நின்னேன். அப்பறம் கடைக்குப் போயிட்டேன்."

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷத்திலும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. ரொம்ப நாள் ஏறாததால் பயந்துபோய், குடித்தேன் என்று பொய் சொல்கிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். குடிக்காதவன் குடித்தேன் என்று என்னிடமே வந்து சொல்லிக்கொள்வானா? பெல்ட்டை அவிழ்க்கப் போனான். பக்கிளைத் திறக்க முடியாமல் விரல் தடுமாறியது. சற்று முன் ஆடாமல் நீட்டிய அதே கைதான். அதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

கூட்டத்தில் ஒருவர், "என்னய்யா, பெல்ட்ட மாட்டிட்டு ஏறாம அவுக்குறான்? சரக்கா?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்றேன். "இங்கன ஏத்துறதும் எறக்குறதும் என் முடிவு. பொழுது சாயுறதுக்குள்ள வேற ஆளக் கொண்டாரேன். அதுவரைக்கும் என்னைய வையிங்க, அவன ஒண்ணும் சொல்லாதீக."

வைதார்கள். நன்றாகவே வைதார்கள். மலைச்சாமியைத் தொண்டியிலிருந்து வரவழைத்தேன். அவர் அங்கே வேலையை முடித்துவிட்டு நனைந்துகொண்டே வந்து ஏறினார். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் வந்தது.

பூமிநாதனைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப எனக்குப் பயமாக இருந்தது. அலுவலகத்தில் உட்கார வைத்து, அவன் போனை வாங்கி, "அந்தக் குடைக்காரர் நம்பர் எதுலே?" என்றேன். அவனுக்கும் பெயர் தெரியாது. போனில் ‘சனிக்கிழமை’ என்று பதிந்து வைத்திருந்தான்.

நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே, "இந்தா வாரேன்" என்றார். அந்த மழையில் ராமநாதபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். குடை பிடிக்க வழியில்லாமல் தலையோடு காலாக நனைந்திருந்தார். பூமிநாதன் பக்கத்தில் உட்கார்ந்து, "டீ குடிச்சியாப்பா?" என்று மட்டும் கேட்டார். ஏன் குடித்தாய் என்று கேட்கவில்லை. பூமிநாதன் அழுதான். அவர் அழ விட்டார்.

பிறகு வெளியே வந்தவரிடம் நான் வெகு நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "தப்பா நெனைக்காதீக. இதுல உங்களுக்கு என்ன கெடைக்குது? வசூல் இல்ல, பேரும் வேண்டாங்கிறீக. ஒண்ணும் இல்லாம எவனாவது இந்த மழையில வருவானா?"

அவர் துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "நேத்து வகுப்புப் பூட்டிக் கெடந்தது எனக்கும்தான சார். வீட்டுல நானும் ஒத்தையாத்தான் உக்காந்திருந்தேன். இன்னைக்கும் மழை விடல. நீங்க போன் பண்ணலைன்னா நான் இந்நேரம் எங்கன இருந்திருப்பேன்னு எனக்கே தெரியாது. என்னையத்தான் நீங்க காப்பாத்தியிருக்கீக."

அன்று இரவு தூங்கும் முன் அதை நான் பல தடவை புரட்டிப் பார்த்தேன். அதில் ஓட்டை எதுவும் தென்படவில்லை.

மறுநாள் உதவிப் பொறியாளரிடம் நேரில் போய், அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நடந்தபடி சொன்னேன். அந்த வகுப்பறையில் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கம்பத்துல ஏறினாரா?" என்றார்.

"ஏறல மேடம்."

"ஏறாதவரைப் பத்தி நான் என்னன்னு எழுதுறது? லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. திரும்பி வரும்போது டாக்டர் சரின்னு சொல்லணும். அதுக்கப்புறம் ஏத்துறதா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க."

அவன் ஆஸ்பத்திரிக்கும் போனான், சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் போனான். வகுப்பறைக்கு ஒரு மாற்றுச் சாவி செய்து அவன் கையிலும் கொடுத்தார்கள். பஞ்சவர்ணமும் ஒரு திறந்த கூட்டத்துக்குப் போய் வந்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன். "உள்ள கேட்டத வெளிய சொல்லக் கூடாதுல்ல" என்று என்னையே மடக்கினாள்.

இனி நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். அன்றைக்கு அந்தக் கம்பத்தில் ஒரு உயிர் போகாமல் இருந்ததற்கு என் மூக்கு காரணம் இல்லை, என் சந்தேகமும் காரணம் இல்லை. நான் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு ஏறு என்று சொன்னேன். அவன் முடியாது என்று சொன்னான். அப்படிச் சொல்ல அவன் அந்தப் பள்ளிக்கூட பெஞ்சில்தான் பழகியிருந்தான். அதனால் நான் மோந்து பார்ப்பதை விட்டேன். அதற்குப் பதிலாகத் தினமும் காலையில் எல்லாரையும் நிற்க வைத்து, "இன்னைக்கு யாரால ஏற முடியாது? காரணம் கேக்க மாட்டேன், சம்பளத்துலயும் கை வைக்க மாட்டேன்" என்று கேட்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒருவனும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு என் மேல் சந்தேகம். ஏதோ பொறி வைக்கிறார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும் விடாமல் கேட்டேன். வாரங்கள் போயின. தை மாசம் ஒரு காலையில் ஒரு கை மேலே வந்தது. பூமிநாதன் கை என்று நினைத்துத் திரும்பினேன். இல்லை. மலைச்சாமி.

வாழ்நாளில் சரக்கைத் தொடாத மனிதர். நான் ஒரு நாளும் சந்தேகப்படாத ஒரே ஆள். "ரொம்ப நாளாவே மேல போனா கண்ணக் கட்டுது" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "அன்னைக்கு மழையில ஏறுனப்பவும் பாதியில கம்பத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். சொன்னா வயசாயிருச்சும்பீகளேன்னு சொல்லல."

குடித்தவனை இறக்கிவிட்டு நான் நிம்மதியாக ஏற்றியது இவரை. நம்பியதால் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அன்றே அவரை டாக்டரிடம் கூட்டிப் போனேன். ரத்தக் கொதிப்பு என்று மாத்திரை கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் கம்பத்தில் ஏறவில்லை. இன்றைக்கும் நல்லபடியாக இருக்கிறார்.

சந்தேகப்படாதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். லைனை நம்பாதீர்கள், சாகும்வரை நம்பாதீர்கள். ஆளைப் பொறுத்தவரை, அவனைப் பிடிக்க வழி தேடுவதை விட, அவன் உங்களிடம் பயமில்லாமல் சொல்வதற்கு வழி செய்யுங்கள். அது ரொம்ப மெதுவான வேலை. எனக்கு ஓய்வு பெறுகிற வயதில்தான் அது கைவந்தது.

மலைச்சாமி இறங்கிக்கொண்டதும் பிரிவில் ஏற ஆள் வேண்டியிருந்தது. டாக்டர் சரி என்று சொல்லி அதற்குள் பல மாதம் ஆகியிருந்தது. சித்திரை வெயிலில் ஒரு நாள் பூமிநாதனைக் கம்பத்தடியில் நிறுத்தி, "முடியுமாலே?" என்றேன். "முடியும்ணே" என்றான். ஏறினான். அவன் மேலே இருந்த நேரம் முழுக்க நான் கண்ணை எடுக்கவில்லை. கீழே நின்ற மற்றவர்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலையை முடித்து இறங்கி வந்தான். பெல்ட்டைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி, "அண்ணே, தண்ணி இருக்கா?" என்றான்.

ஒருவரும் அசையவில்லை. எல்லாருடைய கண்ணும் என் மேல் திரும்பியது. அவன் எங்கள் முகங்களைப் பார்த்தான். ஒரு நொடி கழித்துத்தான் அவனுக்கு விளங்கியது.

"குடத்துத் தண்ணிண்ணே!" என்று சொல்லி, அவன்தான் முதலில் சிரித்தான்.